பலகையில் பேசியவள்

எங்கள் வீட்டில் பகலில்தான் இருட்டு. என் வீட்டுக்காரருக்கு பேக்கரியில் இரவு வேலை. விடிந்த பிறகு வந்து படுப்பார். பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் முருங்கை மரம் ஏறத்தான் வேண்டும் என்பார்கள். எனக்கு மரம் ஏறுகிற கஷ்டம் இல்லை, ஜன்னலை அடைத்தால் போதும். நான் திரைச்சீலை தைத்துக் கொடுப்பவள், அதனால் துணிக்குப் பஞ்சமில்லை. எல்லா ஜன்னலிலும் கனத்த சீலை, இரட்டை மடிப்பு. புதிதாக வருகிறவர்கள் வாசலிலேயே நின்று கண்ணைக் கசக்கிக்கொள்வார்கள்.

பெற்றவர்களோடு இருக்க முடியாத பிள்ளைகளைக் குழந்தைகள் நல அலுவலகம் எங்களிடம் கொண்டுவந்து விடும். கொஞ்ச காலம் வளர்த்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அப்படி வந்தவள்தான் பொட்டலம். அதிகாரியின் காரில் பின் இருக்கையில், கம்பளிக்குள் தலையோடு கால் சுருண்டு வந்து சேர்ந்தாள். “எங்க சார் பிள்ளை? வெறும் பொட்டலம்தானே இருக்கு?” என்று நான் கேட்டதும் கம்பளிக்குள்ளிருந்து ஒரு சிரிப்பு கேட்டது. அன்றிலிருந்து அதுவே பெயராகிவிட்டது.

அவளுக்கு அப்போது ஒன்பது வயது இருக்கும். பேச்சு கிடையாது. முகத்தைப் பார்க்க மாட்டாள். ஃபேன் சுற்றினால் மணிக்கணக்கில் அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஏதாவது வேண்டுமென்றால் நம் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அதன்மேல் வைப்பாள். எங்களுக்கு முன்னால் எத்தனையோ வீடு மாறியிருந்தாள். ஒவ்வொரு முறை மாற்றும்போதும் தன் மணிக்கட்டைத் தானே கடித்துக்கொள்வாளாம். எங்களிடம் வந்தபோதும் அங்கே புண் இருந்தது. மருந்து போட்டு, துணி சுற்றி, கடிக்க வந்த வாயில் என் கையைக் கொடுத்து, ஒரு வழியாக அதை ஆற்றினோம். “இன்னொரு தடவை மாத்தினா இந்தப் பிள்ளை தாங்காது” என்று டாக்டரே சொல்லியிருந்தார்.

எனக்கென்று பிள்ளை இல்லை. வந்து போன பிள்ளைகள் எல்லாம் என்னை ஆன்ட்டி என்பார்கள். அவர்களுக்கு அம்மா என்று ஒருத்தி எங்கோ இருக்கிறாள், அந்தப் பெயரை நான் பிடுங்கிக்கொள்ளக் கூடாது. நியாயம்தான். ஆனால் ஆசை நியாயம் பார்த்துக்கொண்டா வருகிறது?

டீச்சரை அனுப்பி வைத்ததும் அந்த அலுவலகம்தான். சம்பளம் வாங்காமல், இந்த மாதிரிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வருகிறவள். மருந்துக்கடையில் வேலை. புதன்கிழமையும் சனிக்கிழமையும் மத்தியானம் வருவாள். ஒல்லியான உடம்பு, பக்கத்து அறைக்குக் கேட்காத குரல். என்னைவிட ரெண்டு வயதாவது மூத்தவள், ஆனாலும் என்னை அக்கா என்பாள். என் உடம்பைப் பார்த்துச் சொல்கிறாள் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

அவள் பையில் ஒரு கட்டுப் படஅட்டை இருக்கும், ஒரு எழுத்துப் பலகையும் இருக்கும். பலகை என்றால் தடித்த அட்டைதான். மேலே உயிரெழுத்து, நடுவில் மெய்யெழுத்தும் க, ங, ச வரிசையும், கீழே கால், கொம்பு, கொக்கி எல்லாம் அச்சடித்து பிளாஸ்டிக் உறை போட்டது. பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவள் மணிக்கட்டைக் கீழிருந்து தாங்கிப் பிடித்துக்கொள்வாள்.

“இவங்களுக்கு உள்ள எல்லாம் தெரியும் அக்கா. கைதான் சொன்ன பேச்சு கேக்காது. நாம தாங்கிக்கிட்டா போதும், எழுத்தை அவளே தேடிப் போவா” என்றாள். ஏதோ பயிற்சி வகுப்பில் கற்றுக்கொண்டாளாம்.

கல்லில் நார் உரிக்கிற வேலை என்று நினைத்துக்கொண்டு நான் பாட்டுக்கு மிஷினில் உட்கார்ந்திருந்தேன். பல வாரம் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு புதன்கிழமை டீச்சரின் குரல் மட்டும் மாறியது.

“அ... ம்... ம... கால்” என்று படித்தாள். “அக்கா, இங்க வாங்க. உங்களைக் கூப்பிடுறா.”

நான் போய்ப் பார்த்தேன். விரல் மறுபடி அதே நான்கு இடங்களுக்குப் போனது. ஒரு திணறல் இல்லை. மிஷினில் ஊசி துணியோடு நின்றுபோயிருந்தது. நான் தரையில் உட்கார்ந்து பொட்டலத்தின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அதற்கு முன்னால் அவ்வளவு சந்தோஷமாக நான் எதற்கும் அழுததில்லை. அன்று சாயங்காலம் வீட்டுக்காரரை எழுப்பி, “என் பொண்ணு என்னைக் கூப்பிட்டுட்டா” என்று சொன்னேன். அவர் பாதித் தூக்கத்தில், “எனக்கு என்ன பேரு வச்சிருக்கா?” என்று கேட்டார்.

அதற்குப் பதில் அடுத்தடுத்த வாரங்களில் வந்தது.

முதலில் ‘வெளிச்சம் வேணும்’ என்று வந்தது. நான் ஓடிப்போய் அவள் அறையின் சீலையை விலக்கினேன். டீச்சர் போனதும் அவளே இழுத்து மூடிக்கொண்டாள். சொல்வது ஒன்று, செய்வது ஒன்று, பெரிய மனுஷி ஆகிவிட்டாள் என்று சிரித்தேன். அடுத்து ‘பகல்ல தூங்குறவர்’ என்று வந்தது. வீட்டுக்காரருக்கு நல்ல பெயர்தான் என்று அதற்கும் சிரித்தேன். ‘சத்தம் போட்டா அவருக்குக் கோவம் வரும்’ என்று வந்தபோது சிரிப்பு வரவில்லை. அவர் கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை.

பிறகு அந்தப் புதன்கிழமை. வெளியே நல்ல வெயில், உள்ளே மங்கல். ஃபேன் சத்தத்துக்கு மேல் டீச்சரின் குரல் ஒவ்வோர் எழுத்தாக வந்துகொண்டிருந்தது. ‘அலமாரிக்குள்ள வைக்காதீங்க.’ விரல் நின்றது, மறுபடி நகர்ந்தது. ‘பூட்டிட்டுப் போயிடுறார். உள்ள பாச்சை உருண்டை வாசனை. நான் சத்தம் போட மாட்டேன்.’

கடைசி வரி மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. நான் சத்தம் போட மாட்டேன். நான் சத்தம் போட மாட்டேன். பொட்டலத்தின் விரல் அட்டையில் தட்டுகிற ஓசை இன்னும் என் காதில் இருக்கிறது. டீச்சரின் கண்ணீர் பலகைமேல் விழுந்து எழுத்தெல்லாம் பெரிதாகத் தெரிந்தது. பக்கத்து அறையில் என் வீட்டுக்காரர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

“அக்கா, இதை நான் சொல்லாம இருக்க முடியாது. சட்டம் அப்படி” என்றாள் டீச்சர்.

என் புருஷன் ஈ எறும்புக்குத் தீங்கு நினைக்காதவர் என்று அவள் முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்க வேண்டும். நான் தைத்த சீலைகளைக் கொடுக்கப் போகும் நேரங்களில் இந்த இருட்டு வீட்டில் அவர்கள் இரண்டு பேர் மட்டும்தான் இருப்பார்கள் என்பது அந்த நிமிஷம் ஞாபகத்துக்கு வந்து தொலைத்தது.

அன்று சாயங்காலமே அதிகாரி போன் செய்தார். சனிக்கிழமை நேரில் வருவாராம். அவர் முன்னால் பிள்ளை இதையே ஒருமுறை சொன்னால் போதும், அப்போதே வேறு வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவாராம். “துணிமணி எடுத்து வச்சிருங்க மேடம்” என்றார். அதற்குள் அவள் மணிக்கட்டு மறுபடி புண்ணாகிவிட்டதுபோல எனக்குத் துடித்தது.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். எங்கள் வீட்டில் எல்லாமே இருண்டதுதானே, கேட்கவா வேண்டும்? மறுநாள் வீட்டுக்காரர் குளிக்கப் போன சமயம் பார்த்து அவர் அறைக்குள் போய் மர அலமாரியைத் திறந்தேன். நான் ஒருநாளும் அதில் பாச்சை உருண்டை போட்டதில்லை. எனக்கு அந்த நெடி ஆகாது. கதவைத் திறந்ததும் அந்த வாசனைதான் முகத்தில் அடித்தது. துணியை எல்லாம் எடுத்து உதறிப் பார்த்தேன். ஒரு உருண்டையும் இல்லை. மறுபடி மோந்தேன். வெறும் துணி வாசனை. அப்படியே தாழ்ப்பாளைப் பார்த்தபடி நின்றேன். கட்டின புருஷனையே சந்தேகப்பட்டு நின்றேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் எழுந்து முகம் கழுவும் சத்தம் கேட்டது. பிறகு சத்தமே இல்லை. நான் மிஷினை நிறுத்திவிட்டுப் பூனை மாதிரிப் போய் எட்டிப் பார்த்தேன். பொட்டலம் அவர் கையைப் பிடித்திருந்தாள். அலமாரி திறந்திருந்தது. பிள்ளை உள்ளே காலை எடுத்து வைத்தாள். அவர் கதவைச் சாத்தப் போனார்.

நான் போட்ட கூச்சலில் தெருவே திரும்பியிருக்கும்.

“ஏய், என்னாச்சு உனக்கு?” என்று அவர் பதறினார். “அவதான் கையைப் பிடிச்சு இழுத்து இங்க வச்சா. நான் எழுந்ததும் தினமும் நடக்கறதுதான், நீ மிஷின்ல இருப்பே. உள்ள உக்காந்து துணியைத் தடவிட்டு வந்துடுவா. பூட்டறதைப் பார்த்தியா? வெறுமனே சாத்தத்தான் செய்வேன்.”

“பொய் சொல்லாதீங்க.”

அவர் முகத்தில் ஈயாடவில்லை. விலகி நின்றார். நான் அலமாரிக் கதவை முழுக்கத் திறந்தேன். பொட்டலம் என் பழைய கம்பளிமேல் உட்கார்ந்து, தொங்குகிற சட்டைக் கைகளை ஆட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். வெளியே வாடி என்று இழுத்தேன். வரவில்லை. என் கையைப் பிடித்துக் கதவின்மேல் வைத்து உள்பக்கமாகத் தள்ளினாள். சாத்து என்கிறாள். சாத்தினேன். உள்ளிருந்து சிரிப்பு கேட்டது, முதல் நாள் கம்பளிக்குள்ளிருந்து கேட்ட அதே சிரிப்பு.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். இந்தப் பிள்ளைக்கு அலமாரி என்றால் கொள்ளை ஆசை. இருட்டு என்றால் நிம்மதி. அப்படியானால் இத்தனை வாரமாக என் வீட்டுக்குள் உட்கார்ந்து பயந்துகொண்டிருப்பது யார்?

சனிக்கிழமை வந்தது. பொட்டலத்தின் துணிப்பை கதவோரம் தயாராக இருந்தது. வீட்டுக்காரர் தூங்கவில்லை, சமையலறையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். டீச்சர் முதலில் வந்தாள். எப்போதும்போலக் கையைக் கழுவிவிட்டுப் பிள்ளையை உட்காரவைத்துப் பலகையை எடுத்தாள். அதிகாரி வருவதற்குள் கொஞ்சம் பழக்கிவிடலாம் என்றாள்.

இத்தனை நாளும் நான் விரலைத்தான் பார்த்திருந்தேன். விரல் எழுதுகிறபோது யார் முகத்தைப் பார்ப்பார்கள்? அன்று முகத்தைப் பார்த்தேன். பொட்டலத்தின் தலை அண்ணாந்திருந்தது. கண்கள் ஃபேனில் இருந்தன. ஒருதடவைகூடக் கீழே இறங்கவில்லை. கீழே அவள் விரல் ‘ந’வுக்குப் போனது, காலுக்குப் போனது, ‘ன்’னுக்குப் போனது, குறி தப்பாமல் எழுத்தின் நடுவில் போய்த் தட்டியது. நூல் கோக்கிறவளுக்குத் தெரியாதா, கண் போகாத இடத்துக்குக் கை போகாது. அந்த விரலுக்குக் கண் எங்கே இருந்தது?

டீச்சரைப் பார்த்தேன். அவள் கண்தான் பலகையில் இருந்தது. இமைக்கவே இல்லை. அவள் உதடு ஒரு சின்னப் பிள்ளையின் உதடுபோலப் பிதுங்கியிருந்தது.

அழைப்புமணி அடித்தது. அதிகாரி வந்துவிட்டார்.

கதவைத் திறக்கப் போன அந்தக் கொஞ்ச தூரத்தில் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. இதை நிரூபித்துவிட்டால் பிள்ளை இங்கேயே இருப்பாள். ஆனால் பலகை பொய் என்றால் முழுக்கப் பொய். அந்த முதல் வார்த்தையும் போகும். அதை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு மிச்சத்தைத் தள்ள எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை. என் ஆயுசில் ஒரே ஒருதரம் கிடைத்தது, அதை என் கையாலேயே அழிக்க வேண்டும். கதவைத் திறந்தேன்.

“சார், கேள்வி கேக்கறதுக்கு முன்னாடி ரெண்டு படம் காட்டி விளையாட விடுங்க. அவளுக்குப் பயம் தெளியும்” என்றேன். சுத்தப் பொய். அவரை என் தோளுக்குப் பின்னால் நிற்கவைத்துக்கொண்டேன்.

டீச்சரின் அட்டைக் கட்டிலிருந்து இரண்டை உருவினேன். குனிந்து, என் உடம்பால் மறைத்து, பொட்டலத்துக்கு ஒன்றைக் காட்டினேன். மின்விசிறிப் படம். அவள் முகம் மலர்ந்துபோயிற்று. நிமிரும்போது அதைக் கட்டுக்கு அடியில் நழுவவிட்டு, டீச்சருக்கு மட்டும் தெரியும்படி மற்றதைக் காட்டினேன். அது கப்பல்.

“இப்ப பார்த்தது என்னன்னு கேளுங்க டீச்சர்.”

விரல் போனது. ‘க’, ‘ப்’, ‘ப’, ‘ல்’. டீச்சர் சந்தோஷமாக நிமிர்ந்து, “கப்பல்! சரியாச் சொல்லிட்டா” என்றாள். பொட்டலம் இன்னும் என் கையிலிருந்த அட்டைக் கட்டையே எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள், மின்விசிறி வேண்டுமென்று.

அதிகாரி அட்டைக் கட்டை என்னிடமிருந்து வாங்கினார். தானே இரண்டு அட்டை எடுத்து, நான் செய்தபடியே செய்தார். பிள்ளைக்குச் செருப்பு. டீச்சருக்கு மணி. பலகையில் ‘மணி’ என்று வந்தது. அவர் இரண்டு அட்டைகளையும் டீச்சர் முன்னால் பக்கம் பக்கமாக வைத்தார்.

டீச்சர் அவற்றை மாறி மாறிப் பார்த்தாள்.

“நான் தள்ளலை சார். சத்தியமாத் தள்ளலை. அவ இழுக்கறது என் கைக்குத் தெரியும்.”

“நீங்க வேணும்னு செஞ்சீங்கன்னு நான் சொல்லலை” என்றார் அவர். குரல் மெதுவாகத்தான் இருந்தது. பிறகு என் பக்கம் திரும்பினார். “அப்ப இந்தப் பலகையில வந்தது எதுவுமே பிள்ளை சொன்னது இல்லை. அப்படித்தானே மேடம்?”

“எதுவுமே இல்லை சார்” என்றேன். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவர் அதை நிம்மதி என்று நினைத்திருப்பார்.

பொட்டலம் எழுந்து தன் அறைக்குப் போய்விட்டாள். ஃபேன் ஸ்விட்ச் போடும் ஓசை கேட்டது. அதிகாரி கதவோரம் இருந்த துணிப்பையை எடுத்து உள்ளே கொண்டுபோய் அவள் கட்டில்மேல் வைத்தார். அப்படியே சமையலறைக்குப் போய் என் வீட்டுக்காரரின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். என் பிள்ளை எங்கும் போகவில்லை. வீட்டுக்காரரிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும், அதை ராத்திரிக்குள் கேட்டுவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

டீச்சரும் நானும் மட்டும் இருந்தோம். கோபப்பட வேண்டுமென்று ஆசையாக இருந்தது, அவள் முகத்தைப் பார்த்தால் முடியவில்லை.

“அலமாரி யாரோடது டீச்சர்?”

எனக்குச் சொல்வதுபோல இல்லாமல், “எங்கம்மா செத்ததும் என்னை ஒரு வீட்ல விட்டாங்க. அங்க ஒருத்தர் பகல்ல தூங்குவார்” என்றாள். “அதெல்லாம் எனக்கு ஞாபகமே இல்லை அக்கா. யார்கிட்டயும் சொன்னதில்லை. எனக்கே நான் சொன்னதில்லை.”

சொல்லிக்கொண்டிருந்தவள் சட்டென்று குனிந்து பலகையைப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

அவள் வலது கை பலகைமேல் கிடந்தது. தாங்கிப் பிடிக்க அதற்குள் எந்த மணிக்கட்டும் இல்லை. ஆனாலும் கை நகர்ந்துகொண்டிருந்தது. ஆட்காட்டி விரல் மட்டும் நீண்டு, குழந்தை விரல்போல வளைந்து, எழுத்தெழுத்தாகத் தட்டியது. டீச்சர் அதைத் தன் கை அல்லாததுபோல வெறித்துப் பார்த்தாள். இந்த முறை அவள் படிக்கவில்லை. நான்தான் படித்தேன்.

‘ப’. ஒரு கொக்கியோடு ‘ச’. பிறகு மிச்சமும் வந்தது.

பசிக்குது.

“அக்கா, நான் பண்ணலை” என்றாள் டீச்சர். “நிறுத்தச் சொல்லுங்க.”

எனக்கும் எழுந்து ஓடிவிடலாம் என்றுதான் தோன்றியது. ஆனால் பசிக்குது என்று ஒரு பிள்ளை சொன்னால் ஓடிப் பழக்கமில்லை எனக்கு. டீச்சரை விட்டுவிட்டு அந்தக் கையைப் பார்த்துக் கேட்டேன்.

“எப்ப சாப்பிட்டே கண்ணு?”

விரல் நின்றது. யாரோ கேட்டுவிட்டார்கள் என்பதை நம்ப முடியாததுபோல நின்றது. பிறகு மெதுவாக, ‘நேத்து’ என்று தட்டியது.

நான் சமையலறைக்குப் போனேன். ஆண்கள் இரண்டு பேரும் பேச்சை நிறுத்தி என்னைப் பார்த்தார்கள். பாலைச் சூடாக்கி, ரொட்டியைப் பிட்டுப் போட்டு, சின்னக் கிண்ணத்தில் எடுத்து வந்தேன். பலகையை நகர்த்திவிட்டு அந்த இடத்தில் வைத்தேன்.

கை முதலில் கிண்ணத்தைத் தொட்டுப் பார்த்தது. பிறகு அள்ளியது. மருந்துக்கடையில் வேலை பார்க்கிற, நரை விழுந்த அந்தப் பெண் கண்ணை இறுக மூடிக்கொண்டு, ஐந்து விரலும் பாலில் நனைய, அவசர அவசரமாக வாயில் திணித்துக்கொண்டாள். பால் முழங்கை வழியே வழிந்தது. நான் அவள் தலையில் கை வைத்தேன்.

“மெதுவா சாப்பிடு. யாரும் பிடுங்க மாட்டாங்க” என்றேன்.